முழங்காலுக்குப் பின்னால் நீர்க்கட்டி: ஊசி போட்டு எடுப்பதா, அப்படியே விடுவதா?

மாடிப்படி:
வணக்கம். வயது 52. மூன்று மாதமாக இடது முழங்காலுக்குப் பின்னால், உள்பக்கமாக ஒரு வீக்கம். முதலில் நான் கவனிக்கவே இல்லை. குளித்துவிட்டுத் துண்டால் காலைத் துடைக்கும்போது வலது காலின் பின்புறம் வழக்கம்போலக் குழியாக இருக்கிறது, இடது காலில் அந்தக் குழியையே காணோம், நிரம்பிப்போய் இருக்கிறது. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தால் முட்டை அளவுக்கு மேடு. பெரிய வலி இல்லை. காலை முழுதாக மடக்கினால் மடிப்புக்குள் சுருட்டிய துணி ஒன்று மாட்டிக்கொண்டது போல இருக்கும், நேராக நின்றால் பின்னால் இழுக்கும், அவ்வளவுதான்.

மருத்துவரிடம் காட்டினேன். ஒரு நிமிடம் அழுத்திப் பார்த்துவிட்டு "நீர்க்கட்டிதான், ஊசி போட்டு உறிஞ்சிவிடலாம்" என்றார். என் உறவினர் ஒருவருக்கு இதேபோல இரண்டு முறை எடுத்தும் திரும்ப வந்துவிட்டது. அதனால் தயங்கி வந்துவிட்டேன். இது புற்றுநோயாக இருக்குமோ என்று ராத்திரியெல்லாம் யோசனை. இதே பிரச்சினையை அனுபவித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஸ்கேன் எதுவும் இதுவரை எடுக்கவில்லை.

நீள்நடை:
ஆறு வருடமாக இதோடு இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. ஆனால் மூன்று மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டது இது.

நீங்கள் சொல்வது பேக்கர் சிஸ்ட் மாதிரிதான் தெரிகிறது. 1877ல் வில்லியம் மோரன்ட் பேக்கர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் இதை விளக்கி எழுதியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது, அவருக்கு முன்பே 1840ல் டப்ளினில் ராபர்ட் ஆடம்ஸ் எழுதியிருக்கிறார். பேக்கர் அன்றைக்கே கவனித்த விஷயம் ஒன்று உண்டு, அதைத்தான் இன்றைக்கும் பலர் கோட்டை விடுகிறார்கள். பின்னால் இருக்கும் வீக்கத்துக்கும் முன்னால் இருக்கும் மூட்டுக்கும் தொடர்பு இருக்கிறது.

முழங்கால் மூட்டுக்குள் எண்ணெய் போல வழுவழுப்பான திரவம் எப்போதும் இருக்கும். நன்றாக இருக்கும் காலில் சில மில்லி லிட்டர்தான். உள்ளே சவ்வு கிழிந்தாலோ, குருத்தெலும்பு தேய்ந்தாலோ, வாதத்தால் அழற்சி வந்தாலோ மூட்டின் உள்ளுறை அதிகமாகச் சுரக்க ஆரம்பிக்கிறது. அப்படிச் சுரந்தது எங்கே போகும்? பின்பக்கம், உள்ளோரமாக, தொடையிலிருந்து வரும் ஒரு தசைநாணுக்கும் கெண்டைக்கால் தசைக்கும் நடுவில் எல்லோருக்கும் ஒரு சின்னப் பை இருக்கிறது. பெரியவர்கள் பலருக்கு அந்தப் பைக்கும் மூட்டுக்கும் நடுவே ஒரு வாசல் உண்டு. கால் மடங்கும்போது வாசல் திறக்கிறது, நீட்டும்போது இரண்டு தசைகளும் இறுக்கி மூடிவிடுகின்றன. உள்ளே போகிற திரவம் திரும்பி வர வழியில்லை. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பம்பு அடிப்பது போலத்தான்.

ஆகவே ஊற்று மூட்டுக்குள் இருக்கிறது. பின்னால் ஊசி போட்டு இறைத்தால் மறுபடி ஊறத்தான் செய்யும், உங்கள் உறவினருக்கு நடந்தது அதுதான். எனக்கும் முதல் வருடத்தில் இரண்டு முறை எடுத்தார்கள். முதல் தடவை ஐந்து வாரம், அடுத்த தடவை மூன்றே வாரம், பழையபடி நிரம்பிவிட்டது. பிறகு வேறொரு மருத்துவர்தான் "இந்த முழங்கால் ஏன் தண்ணீர் சுரக்கிறது என்று யாராவது பார்த்தார்களா?" என்று கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை.

உங்களுக்கு முழங்காலின் முன்பக்கமோ உள்பக்கமோ ஏதாவது தொந்தரவு உண்டா? படி இறங்கும்போது?

மாடிப்படி:
அண்ணா, எப்படிச் சரியாகக் கேட்டீர்கள்! படி இறங்கும்போது உள்பக்கம் சுருக்கென்று குத்தும். ஒரு வருடமாகவே இருக்கிறது. வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். கட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை, மருத்துவரிடமும் சொல்லவில்லை.

தசைப்பயிற்சி:
மாடிப்படி அக்கா, அந்தக் குத்தலைத்தான் மருத்துவரிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நான் பிசியோதெரபிஸ்ட். திரையைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் வீட்டிலேயே கவனித்துக்கொண்டு போய்ச் சொல்லக்கூடிய சில விஷயங்கள் இருக்கின்றன.

நேராக நின்று காலை நன்றாக நீட்டி யாரையாவது தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் உட்கார்ந்து முழங்காலைப் பாதி மடக்கி, தசையைத் தளர்த்திவிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீட்டும்போது கல் மாதிரி இறுகி, மடக்கும்போது மெத்தென்று ஆகி, சில நேரம் கையில் சிக்காமலே போனால் அது நீர்க்கட்டிக்குப் பொருந்துகிற அடையாளம். ஃபூஷே அறிகுறி என்று எங்கள் பாடத்தில் வரும். எந்த நிலையில் வைத்தாலும் ஒரே மாதிரி கெட்டியாக இருக்கிற கட்டி என்றால் நான் உடனே ஸ்கேனுக்கு அனுப்பிவிடுவேன்.

இன்னொன்று. கட்டியின் மேல் இரண்டு விரலை லேசாக வைத்து அரை நிமிடம் பொறுத்திருங்கள். நாடி மாதிரி துடிக்கிறதா? அந்த இடத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. துடிப்பு தெரிந்தால் அதை எந்தக் காரணத்துக்கும் அழுத்த வேண்டாம், சீக்கிரம் காட்டுங்கள். துடிப்பு இல்லை என்பதாலேயே பயமில்லை என்றும் சொல்ல மாட்டேன், இதெல்லாம் ஸ்கேனுக்கு மாற்று ஆகாது.

முழங்கால் சிக்கிக்கொண்டு நீட்ட முடியாமல் நிற்கிறதா, திடீரென்று தளர்ந்து விழப்போகிறதா, காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரம் விறைப்பாக இருக்கிறது, வேறு மூட்டுகளிலும் வீக்கம் உண்டா, உள்ளங்கால் மரத்துப்போகிறதா என்றும் குறித்துக்கொண்டு போங்கள். மருத்துவருக்கு இந்தப் பதில்கள் பெரிய உதவி.

வெள்ளை_நாற்காலி:
என் மாமாவுக்கு இப்படி இருந்தபோது ஒருவர் கட்டியை நன்றாக அழுத்தி மேலிருந்து கீழே நீவிவிட்டார். இரண்டே நாளில் கட்டி மறைந்துவிட்டது. செலவும் இல்லை. முயற்சி செய்து பாருங்களேன்.

இருசக்கரம்:
வெள்ளை_நாற்காலி, தயவுசெய்து இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். கட்டி "மறைவது" என்றால் என்ன என்று நான் அனுபவித்தவன்.

எனக்கு வயது 46. வலது காலில் இரண்டு வருடமாகக் கட்டி இருந்தது. ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு, கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்து உட்கார்ந்து எழுந்தேன். முழங்காலுக்குப் பின்னால் ஏதோ விட்டுப்போனது போல ஓர் உணர்வு. அடுத்த நொடி வெதுவெதுப்பான தண்ணீர் தோலுக்கு அடியில் கெண்டைக்கால் வழியாக இறங்குவது அப்படியே தெரிந்தது. காலைத் தடவிப் பார்த்தேன், ஈரம் இல்லை. அரை மணி நேரத்தில் கெண்டைக்கால் உருண்டு திரண்டு, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, தரையில் கால் வைக்க முடியாத வலி. பின்னால் இருந்த கட்டியைக் காணோம். கட்டி உடைந்து உள்ளே இருந்தது எல்லாம் தசைகளுக்கு நடுவில் இறங்கிவிட்டது, அந்தத் திரவம் பட்ட இடமெல்லாம் புண்ணாகி எரிந்தது.

அன்று ராத்திரி போன இடத்தில் "காலில் ரத்தம் உறைந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டார்கள். வீங்கிச் சிவந்த கெண்டைக்கால், அழுத்தினால் வலி. ஆழ்சிரை ரத்த உறைவும் வெளியே பார்க்க அப்படியேதான் இருக்குமாம், அதனால் அவர்கள் சந்தேகப்பட்டதில் தவறே இல்லை. ஆனால் கட்டி இருந்தது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்காமலேயே ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஆரம்பித்தார்கள். மறுநாள் மாலைதான் ஸ்கேன். சிரையில் உறைவு எதுவும் இல்லை, கெண்டைக்கால் தசைகளுக்கு இடையில் திரவமும் அதோடு ரத்தமும் தேங்கியிருக்கிறது என்று வந்தது. மருந்தை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் உள்கணுக்காலுக்குக் கீழே பிறை வடிவத்தில் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் எலும்பு மருத்துவர் "இது உடைந்த கட்டியின் அடையாளம்" என்று தலையாட்டினார்.

அந்த மருந்தால் ரத்தக் கசிவு கூடிப்போனால், கெண்டைக்காலில் தசைகள் அடைபட்டிருக்கும் உறைக்குள் அழுத்தம் ஏறி தசையே செத்துப்போகும் அபாயம் இருந்தது என்று பிறகுதான் சொன்னார்கள். நான் தப்பித்தேன். காலை உயர்த்தி வைத்து, ஐஸ் வைத்து, வலி மாத்திரையோடு நாலு வாரத்தில் நடமாட்டம் சரியானது.

இதைப் படிக்கிற யாரும் தலைகீழாகப் புரிந்துகொள்ள வேண்டாம். கட்டி இருக்கிற காலிலேயே ரத்த உறைவும் வரலாம், பெரிய கட்டி சிரையை அழுத்தினால் இரண்டும் சேர்ந்தே கூட இருக்கலாம். "எனக்குத்தான் கட்டி உண்டே, அது உடைந்திருக்கும்" என்று வீட்டிலேயே படுத்துவிடாதீர்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கினால் அன்றைக்கே டாப்ளர். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் அவசரப் பிரிவு.

வெள்ளை_நாற்காலி:
இருசக்கரம், மன்னிக்க வேண்டும். எனக்கு இது தெரியாது. மாமாவுக்கும் அப்புறம் ஒரு மாதம் கெண்டைக்கால் வீக்கம் இருந்தது, அதை நாங்கள் வேறு ஏதோ என்று நினைத்துக்கொண்டோம். கட்டி உடைந்துதான் மறைந்திருக்கிறது என்று இப்போது புரிகிறது.

ஒலிப்படம்:
அல்ட்ராசவுண்ட் அறையில் பல வருடமாக வேலை செய்கிறேன், ஸ்கேன் பற்றிச் சொல்கிறேன்.

முழங்காலுக்குப் பின்னால் கட்டி என்று வருகிறவர்களைக் குப்புறப் படுக்கச் சொல்வோம். நான் முதலில் தேடுவது கட்டியை அல்ல, அதன் கழுத்தை. உண்மையான பேக்கர் கட்டி என்றால் அந்தத் தசைநாணுக்கும் கெண்டைக்கால் தசைக்கும் நடுவே ஒடுங்கிய கழுத்து ஒன்று மூட்டை நோக்கிப் போகும், திரையில் காற்புள்ளி போடுகிற மாதிரி வளைந்து தெரியும். உள்ளே கருப்பாக, அதாவது வெறும் திரவமாக இருக்கும். பழைய கட்டி என்றால் உள்ளே தடுப்புகள், துகள்கள் மிதக்கும். கழுத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அறிக்கையில் தைரியமாக எழுதலாம். கழுத்து இல்லை, இடமும் தள்ளி இருக்கிறது, உள்ளே கெட்டியான பகுதி இருக்கிறது, அதில் ரத்த ஓட்டம் தெரிகிறது என்றால் "நீர்க்கட்டி" என்ற வார்த்தையே என் அறிக்கையில் வராது, எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லித்தான் வரும். அந்த இடத்தில் மென்திசுப் புற்றுநோய்கள் அபூர்வமாக வருவதுண்டு. சில வகைகள் திரவம் போலவே ஏமாற்றும்.

தசைப்பயிற்சி சொன்ன துடிப்பு விஷயம் ரொம்ப முக்கியம். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனி பலூன் மாதிரி வீங்கினாலும் கைக்கு ஒரு கட்டிதான். வயதான, புகைபிடிக்கிற ஆண்களிடம் அதிகம் பார்க்கிறோம், ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும். அதில் ஊசி குத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கையால் அழுத்திப் பார்த்த கையோடு ஊசி எடுக்கிற பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். டாப்ளர் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் கூட ஆகாது.

அல்ட்ராசவுண்ட் கட்டியைக் காட்டும், மூட்டுக்குள் திரவம் சேர்ந்திருந்தால் அதையும் காட்டும். ஆனால் உள்ளே சவ்வு எங்கே கிழிந்திருக்கிறது, குருத்தெலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்பதற்கு எம்ஆர்ஐ வேண்டும். தேய்மானத்துக்கு நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயே நிறையச் சொல்லிவிடும், படுத்தபடி எடுத்தால் மூட்டின் இடைவெளி குறைந்திருப்பது சரியாகத் தெரியாது.

ஆறுவயது_அம்மா:
நடுவில் கேட்கிறேன், மன்னிக்கவும். என் மகனுக்கு 6 வயது. இதே இடத்தில் இதே மாதிரி கட்டி. வலியே இல்லை, ஓடுகிறான், குதிக்கிறான். மேலே புற்றுநோய் என்று படித்ததும் கை நடுங்குகிறது. அவனுக்கும் உள்ளே சவ்வு கிழிந்திருக்குமா?

தசைப்பயிற்சி:
தங்கச்சி, முதலில் மூச்சு விடுங்கள். குழந்தைகளுக்கு வருவது வேறு கதை. நாலு வயதிலிருந்து ஏழு வயது வரை இது சாதாரணமாக வருகிறது, பெண் குழந்தைகளை விட ஆண் குழந்தைகளுக்குக் கூடுதல். பெரியவர்களைப் போல மூட்டுக்குள் கோளாறு இருந்து வருவதில்லை, பெரும்பாலும் மூட்டோடு தொடர்பே இருக்காது, அந்தப் பையில் தானாகவே சேர்வது. மாதங்கள் ஆகலாம், ஓரிரு வருடமும் ஆகலாம், தானாகவே வற்றிவிடும். ஊசியோ அறுவையோ வேண்டியதில்லை. ஒரு தடவை அல்ட்ராசவுண்ட் பார்த்து இது நீர்க்கட்டிதான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள், அவ்வளவு போதும். காய்ச்சல், நொண்டல், முழங்கால் முழுவதும் வீக்கம், ராத்திரி வலித்து அழுவது, கட்டி வேகமாகப் பெரிதாவது, இதில் ஏதாவது வந்தால் மட்டும் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

ஆறுவயது_அம்மா:
ரொம்ப நன்றி அண்ணா. நாளைக்கே ஸ்கேனுக்கு அழைத்துப் போகிறேன்.

காலை_ஓட்டம்:
இங்கே ஊசியை ஒரேயடியாகக் கெட்டது என்று சொல்வது போல இருக்கிறது, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. என் கட்டி ஆரஞ்சுப் பழம் அளவு. உட்கார்ந்தால் நாற்காலி விளிம்பு அழுத்தும், உள்ளங்கால் மரத்துப்போகும். அந்த நிலையில் "காரணத்தைக் கண்டுபிடி, ஆறு மாதம் பயிற்சி செய்" என்றால் எப்படி? ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கினார்கள். முதலில் மெல்லிய ஊசியில் ஒன்றுமே வரவில்லை, பிறகு பருமனான ஊசி போட்டார்கள், பசை போல, மஞ்சளாக, மெதுவாகச் சிரிஞ்சுக்குள் ஏறியது. முப்பது மில்லிக்கு மேல் வந்தது. கூடவே ஸ்டீராய்டும் போட்டார்கள். அன்றைக்கே எழுந்து நின்றபோது கால் என்னுடைய கால் மாதிரி இருந்தது. எட்டு மாதம் ஆகிறது. கொஞ்சம் திரும்ப வந்திருக்கிறது, ஆனால் பழைய அளவு இல்லை. அந்த இடைவெளியில்தான் என்னால் பயிற்சியே செய்ய முடிந்தது.

நீள்நடை:
காலை_ஓட்டம் சொல்வது சரி, நான் கொஞ்சம் வேகமாக எழுதிவிட்டேன். நரம்பை அழுத்துகிற கட்டி, நடக்க விடாத கட்டி என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும், எடுப்பதில் பலனும் உண்டு. காரணத்தைத் தேடாமல், ஸ்கேன் இல்லாமல், எடுப்பதையே முழு வைத்தியம் என்று நினைப்பதைத்தான் நான் தவறு என்கிறேன். எடுத்த திரவத்தைக் குப்பையில் போடாமல் சோதனைக்கு அனுப்பினார்களா என்றும் கேளுங்கள். அணுக்களின் எண்ணிக்கை, யூரிக் அமிலப் படிகங்கள், கிருமி, எல்லாம் அதில் தெரியும். முழங்கால் சூடாக, சிவப்பாக, காய்ச்சலோடு இருந்தால் அந்தச் சோதனை அன்றைக்கே நடக்க வேண்டும், கிருமி புகுந்த மூட்டு சில நாளில் கெட்டுவிடும்.

ஸ்டீராய்டை எப்போதும் கட்டிக்குள்தான் போட வேண்டும் என்பதில்லை. கட்டிக்கும் மூட்டுக்கும் நடுவே வாசல் இருப்பதால் மூட்டுக்குள் போட்டாலே பின்னால் இருப்பதும் சுருங்குவதுண்டு, எனக்கு அப்படித்தான் செய்தார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சில நாள் சர்க்கரை ஏறும்.

வாத_மூட்டு:
எனக்கு முடக்குவாதம். இரண்டு முழங்காலிலும் கட்டி இருந்தது. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்காது, ஆனால் நான் போன இடங்களில் எல்லாம் முழங்காலை மட்டும் பார்த்தார்கள், கையைக் காட்டச் சொன்னவர் நாலாவது மருத்துவர்தான். மெத்தோட்ரெக்சேட் என்ற வாத மருந்தை ஆரம்பித்து மூட்டுகளின் அழற்சி அடங்க அடங்க, கட்டிக்கென்று எதுவுமே செய்யாமல் இரண்டும் வற்றிப்போயின. இரண்டு பக்கமும் வீக்கம், காலை விறைப்பு என்று இருக்கிறவர்கள் வாத நோய் மருத்துவரைப் பாருங்கள். ஒரு வருடத்தை வீணாக்கிவிட்டேன் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மாடிப்படி:
ஸ்கேன், எக்ஸ்ரே, எம்ஆர்ஐ மூன்றும் முடிந்தது. வேறு எலும்பு மருத்துவரிடம் போனேன், நீங்கள் எழுதியதை எல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனேன், படித்துவிட்டுப் பொறுமையாகப் பதில் சொன்னார். கட்டி 5 சென்டிமீட்டர் நீளம், கழுத்து தெளிவாகத் தெரிகிறது, வெறும் திரவம், பக்கத்து ரத்தக்குழாய் எல்லாம் நன்றாக இருக்கிறது. அந்த வரியைப் படித்த ராத்திரிதான் மூன்று வாரத்தில் முதல் முறையாக நன்றாகத் தூங்கினேன்.

மூட்டுக்குள் உள்பக்க மெனிஸ்கஸின், அதாவது மெத்தை போல இருக்கும் அந்தச் சவ்வின், பின்பகுதியில் தேய்மானத்தால் வந்த கிழிசல், குருத்தெலும்பு மெலிவு, கொஞ்சம் நீர். "இப்போது அறுவை வேண்டாம், பயிற்சி, எடைக் குறைப்பு, மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம்" என்கிறார். கிழிசல் இருக்கிறது என்று தெரிந்த பிறகு தைக்காமலோ வெட்டாமலோ விடலாமா? தெரிந்தவர்கள் எல்லோரும் கேமரா போட்டுச் சரி செய்துவிடு என்கிறார்கள்.

தசைப்பயிற்சி:
அக்கா, உங்கள் மருத்துவர் சரியாகத்தான் சொல்கிறார். இளவயதில் விளையாடும்போது திருகி வந்த கிழிசலும் 50 வயதில் துணி நைந்தது போல வருகிற கிழிசலும் ஒன்றல்ல. தேய்மானத்தோடு சேர்ந்த கிழிசலுக்குக் கேமரா போட்டுத் துளை வழி அறுவை செய்வதால் பயிற்சியை விடப் பெரிய பலன் கிடைப்பதில்லை. 2017ல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல், தேய்மான முழங்கால் உள்ள அநேகமாக எல்லோருக்கும் இந்த அறுவை வேண்டாம் என்றே அழுத்தமாகச் சொன்னது. மெனிஸ்கஸை வெட்டிக் குறைத்தால் மூட்டின் மெத்தை இன்னும் குறைகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

பயிற்சி என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தருவதில்லை, அதுதான் எனக்கு ஆதங்கம். ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். உங்களுக்கு நான் ஆரம்பிக்கச் சொல்வது இது. காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்துங்கள். முன்தொடை இறுகுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஐந்து நொடி பிடித்து விடுங்கள், பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. கையைத் தொடை மேல் வைத்துக்கொள்ளுங்கள், ஆரம்பத்தில் அந்த உள்பக்கத் தசை இறுகவே இறுகாது, தூங்கிப்போயிருக்கும், இரண்டாவது வாரத்தில் கைக்குத் தட்டுப்படும். அது வந்த பிறகு முழங்காலை மடக்காமல் முழுக் காலையும் ஓரடி தூக்குவது. பிறகு நாற்காலியைப் பிடித்து நின்று குதிகாலைத் தூக்குவது, உயரமான நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழுவது. நிலையான சைக்கிள் இருந்தால் இருக்கையை உயர்த்தி வைத்து, இறுக்கம் இல்லாமல் பத்து நிமிடம்.

கட்டி இருக்கும்வரை குத்துக்காலிட்டு ஆழமாக உட்காருவது, பாரத்தோடு முழுதாக மடக்குவது வேண்டாம். பயிற்சி முடிந்த அன்று லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் வீக்கம் கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். ஐஸ் வைத்தால் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம். வலி மாத்திரைகளைப் பொறுத்தவரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம், வயிற்றுப்புண், ரத்தம் இளக்கும் மருந்து என்று ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

நீள்நடை:
அறுவை பற்றி என் அனுபவத்தையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் எனக்கு அது தேவைப்பட்டது. என் கிழிசல் வேறு மாதிரி, துண்டு ஒன்று மடங்கி மூட்டுக்குள் மாட்டிக்கொண்டு காலை நீட்ட விடாமல் செய்தது. துளை வழியாக உள்ளே போய் அந்தத் துண்டைச் சரி செய்தார்கள், கூடவே பின்னால் இருக்கும் வாசலையும் அகலப்படுத்தினார்கள். கட்டியை வெட்டி எடுக்கவில்லை. வாசல் ஒருபக்கக் கதவாக இல்லாமல் திறந்தே இருந்தால், போகிற திரவம் திரும்பியும் வந்துவிடும், கட்டிக்கு நிரம்ப வாய்ப்பில்லை. கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, அடைப்பதற்குப் பதிலாகத் திறக்கிறார்கள்.

பின்னால் கீறி முழுக் கட்டியையும் எடுக்கிற பழைய முறையும் இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் கோளாறு அப்படியே இருந்தால் எடுத்த இடத்திலேயே மறுபடி வருவது வழக்கம், பக்கத்திலேயே நரம்பும் ரத்தக்குழாயும் இருப்பதால் கத்தி வைக்கச் சுலபமான இடமும் அல்ல. மூட்டு முழுக்கத் தேய்ந்து மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கூட கட்டி மறுநாளே போய்விடாது, மெதுவாகத்தான் சுருங்கும், சிலருக்குத் தொந்தரவு இல்லாமல் அப்படியே தங்கிவிடும்.

நீங்கள் மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள் அம்மா. கால் பூட்டிக்கொண்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

ஆறுவயது_அம்மா:
ஸ்கேன் பார்த்தாயிற்று. வெறும் நீர்க்கட்டி, மூட்டு நன்றாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். ஜெல் குளிர்ச்சியாக இருந்ததில் அவன் முழு நேரமும் சிரித்துக்கொண்டே இருந்தான். எல்லோருக்கும் நன்றி.

மாடிப்படி:
பதினான்கு வாரம் ஆகிறது. இழையைத் தேடி வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் மூன்று வாரம் ஒன்றுமே மாறவில்லை, விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. தசைப்பயிற்சி தம்பி சொன்னபடி தொடை மேல் கையை வைத்துக்கொண்டே செய்தேன், பதினெட்டாவது நாள் அந்த உள்பக்கத் தசை கைக்குத் தட்டுப்பட்டது. எடை நாலு கிலோ குறைந்திருக்கிறது. ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் அதிகமாக நடந்துவிட்டு முழங்கால் உப்பிவிட்டது, பயந்துபோய் கெண்டைக்காலை அளவு நாடாவால் இரண்டு காலிலும் அளந்தேன், வித்தியாசம் இல்லை, இரண்டு நாள் ஓய்வில் இறங்கிவிட்டது.

போன வாரம் மறுபடி ஸ்கேன். 5 சென்டிமீட்டர் இருந்தது 3 ஆகியிருக்கிறது. ஊசி போடவில்லை. நின்றால் இப்போதும் கைக்குத் தெரிகிறது, மடக்கினால் அந்தச் சுருட்டிய துணி உணர்வு மட்டும் இல்லை. படி இறங்கும்போது முதல் இரண்டு படிக்கு இன்னும் கைப்பிடியைப் பிடிக்கிறேன், அதற்கப்புறம் தேவைப்படுவதில்லை.